இரவு வெப்பம் நெல்மணியை என்ன செய்கிறது?

பயிர் நன்றாகத்தான் இருந்தது. தூர் குறைவில்லை, கதிர் நீளமும் குறைவில்லை, பூச்சியும் பெரிதாகத் தொல்லை கொடுக்கவில்லை. ஆனால் அறுத்துத் தூற்றினால் கருக்காய் அதிகம். எதிர்பார்த்ததைவிட ஏக்கருக்கு மூன்று, நான்கு மூட்டை குறைவு. அரைத்துப் பார்த்தால் முழு அரிசி குறைந்து நொய் கூடியிருக்கிறது. இப்படி நடக்கும்போது முதலில் விதையைச் சந்தேகப்படுகிறோம், அடுத்து உரத்தை, அதற்கும் அடுத்து மருந்துக் கடையை. இந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அது இரவு வெப்பம்.

பகல் வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். எந்த ஊரில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது என்று தொலைக்காட்சி தினமும் சொல்கிறது. அன்றைய அதிகாலை எவ்வளவு புழுக்கமாக இருந்தது என்பது செய்தியாவதில்லை. ஆனால் பருவநிலை ஆய்வும் நெல் ஆய்வும் கடந்த இருபது ஆண்டுகளில் சேர்ந்து காட்டியிருக்கும் முக்கியமான உண்மைகளில் ஒன்று, நெல்லின் மகசூல் பகலில் மட்டுமல்ல, இரவிலும் பறிபோகிறது என்பதுதான். இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. அதனால் அதைக் கண்டுபிடிக்கவும் சமாளிக்கவும் தனிக் கவனம் வேண்டும்.

பகலைவிட இரவு வேகமாகச் சூடாகிறது

2024ஆம் ஆண்டு உலகின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிடச் சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. இந்தியாவிலும் 1901 முதல் பதிவான ஆண்டுகளில் அதுவே மிக வெப்பமானது. இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கின்படி, அந்த ஆண்டில் நாட்டின் சராசரிப் பகல் வெப்பநிலை இயல்பைவிட 0.20 டிகிரிதான் கூடியது. இரவு வெப்பநிலையோ 0.90 டிகிரி கூடியது. அதாவது, அந்த ஆண்டைச் சூடாக்கியதில் பகலைவிட இரவுக்குத்தான் பெரும் பங்கு.

இது ஓராண்டோடு முடிகிற விஷயமல்ல. கரியமில வாயு போன்ற பசுங்குடில் வாயுக்களின் வெளியேற்றம் கட்டுப்படுத்தப்படாமல் தொடர்ந்தால், இந்த நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் வெப்பமான பகல்கள் ஏறத்தாழ 55 சதவீதமும் வெப்பமான இரவுகள் ஏறத்தாழ 70 சதவீதமும் அதிகரிக்கும் என்று மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது.

இரவு மட்டும் ஏன் இப்படி? பகலில் நிலம் வாங்கிய சூட்டை இரவில் வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. மேகம் இல்லாத மார்கழி இரவில் பனி கொட்டுவதற்கு இதுதான் காரணம். காற்றில் பசுங்குடில் வாயுக்களும் ஈரப்பதமும் கூடினால், வெளியேறும் சூட்டை அவை மறித்து மீண்டும் நிலத்துக்கே அனுப்புகின்றன. காற்று ஒரு டிகிரி சூடானால் அதனால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்க முடியும். சூடு ஈரத்தைக் கூட்டுகிறது. ஈரம் போர்வையைத் தடிமனாக்குகிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பகலில் தரையோடு ஒட்டிய காற்று சூடாகி மேலெழுந்து, ஒரு கிலோமீட்டருக்கு மேலும் கலந்துவிடுகிறது. இரவில் அப்படிக் கலப்பதில்லை. தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கு அப்படியே நிற்கிறது. ஒரு செம்பு வெந்நீரை அண்டாவில் ஊற்றினால் சூடு தெரியாது, அதையே சிறு பாத்திரத்தில் ஊற்றினால் தெரியும். இரவுக் காற்று அந்தச் சிறு பாத்திரம்.

நெல் வயலில் தெரிந்த கணக்கு

பிலிப்பைன்ஸ் நாட்டின் லாஸ் பானோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட ஐ.ஆர்.8 நெல் பிறந்த இடம். அந்தப் பண்ணையில் 1979 முதல் 2003 வரை பதிவான வெப்பநிலையை ஆராய்ந்தபோது, 25 ஆண்டுகளில் பகல் வெப்பநிலை 0.35 டிகிரியும் இரவு வெப்பநிலை 1.13 டிகிரியும் கூடியிருந்தது தெரிந்தது. நல்ல பராமரிப்பில் வளர்ந்த நெல்லின் 1992 முதல் 2003 வரையிலான மகசூலோடு இதை ஒப்பிட்டார்கள். வறண்ட பருவப் பயிரில், சராசரி இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடும்போது மகசூல் 10 சதவீதம் குறைந்தது. பகல் வெப்பநிலைக்கும் மகசூலுக்கும் அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. 2004இல் இந்த ஆய்வு வெளியானபோது நெல் ஆராய்ச்சியாளர்கள் திகைத்துத்தான் போனார்கள்.

எதிர்க் கேள்வியும் உடனே எழுந்தது. மேகமூட்டமான நாட்களில் இரவு புழுக்கமாக இருக்கும். பகலில் சூரிய ஒளியும் குறைவாக இருக்கும். அப்படியானால் மகசூலைக் குறைத்தது இரவு வெப்பமா, ஒளிக் குறைவா? நியாயமான கேள்வி. இதற்கு விடை தேடிய பெரிய ஆய்வு 2010இல் வந்தது. இந்தியா, சீனா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய 6 நாடுகளில், விவசாயிகளே பயிர் செய்த 227 பாசன நெல் வயல்களின் விவரங்கள் அதில் சேர்ந்திருந்தன. நமது காவிரி டெல்டா வயல்களும் அவற்றில் அடக்கம். பகல் வெப்பம், இரவு வெப்பம், சூரிய ஒளி மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும், இரவு வெப்பம் கூடினால் மகசூல் குறைவது உறுதியானது. பகல் வெப்பம் ஒரு வரம்புக்குள் கூடியபோது மகசூலுக்கு உதவியும் செய்தது.

ஆகவே 10 சதவீதம் என்பதை எல்லா ஊருக்கும் எல்லாப் பட்டத்துக்கும் பொருந்தும் வாய்ப்பாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரகம், பட்டம், ஒளி எல்லாம் அதை மாற்றும். ஆனால் திசை தெளிவாக இருக்கிறது: இரவு சூடானால் நெல் குறைகிறது.

பயிருக்குள் என்ன நடக்கிறது?

பகலில் இலை மாவுச்சத்தைத் தயாரிக்கிறது. இரவில் தயாரிப்பு கிடையாது. பயிர் சுவாசிக்க மட்டும் செய்கிறது. சுவாசத்துக்குச் செலவாவது பகலில் சேர்த்த சர்க்கரை. பொதுவாக வெப்பநிலை 10 டிகிரி கூடினால் சுவாசம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பகலில் சம்பாதித்ததில் ஒரு பகுதியைப் பயிர் தினமும் இரவில் செலவழித்துத்தான் ஆக வேண்டும். இரவு புழுக்கமானால் அந்தச் செலவு கூடுகிறது. மணிக்குப் போக வேண்டியது குறைகிறது.

பூக்கும் பருவத்துக்குச் சற்று முன்பும் பூக்கும் போதும் இரவுகள் மிகவும் சூடாக இருந்தால் மகரந்தத்தின் வீரியமும் குறைகிறது. பால் பிடிக்கும் பருவத்தில் இரவு வெப்பம் கூடினால் மணிக்குள் மாவுச்சத்து நெருக்கமாக அடுக்கப்படுவதில்லை. இடையிடையே காற்று இடைவெளி விழுகிறது. அரிசியின் வயிற்றுப் பகுதி சுண்ணாம்பு போல வெளுத்துத் தெரிவது இதனால்தான். இத்தகைய அரிசி ஆலையில் எளிதாக உடையும். அமெரிக்காவில் நெல் அதிகம் விளையும் அர்க்கன்சா மாநிலத்தில் 2010ஆம் ஆண்டு இரவுகள் மிக வெப்பமாக இருந்தன. அந்த ஆண்டு அங்கே முழு அரிசி வெகுவாகக் குறைந்து, வெள்ளை விழுந்த அரிசி கூடியது.

பகல் வெப்பம் செய்யும் கேடு வேறு வகை. நெற்பூ காலை 9 மணியிலிருந்து 11, 11.30 மணிக்குள் திறந்து, ஒரு மணி நேரத்துக்குள் மூடிக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரத்தில் கதிரின் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாகக் கொட்டுவதில்லை. சூல் பிடிக்காமல் மணி பதராகிறது. காற்று உலர்ந்திருந்தால் பயிர் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் வறண்ட நெல் பகுதியில் 40 டிகிரி வெயிலிலும் மணி பிடிப்பதற்கு இதுதான் காரணம். நமது கடலோர மாவட்டங்களில் காற்றின் ஈரம் அதிகம் என்பதால் அந்த வசதி நம் பயிருக்குக் குறைவு.

உங்கள் பயிர் எந்த வாரத்தில் பூக்கிறது?

வெப்பத்தால் வரும் சேதத்தின் பெரும்பகுதி, கதிர் வெளிவரும் காலத்திலிருந்து பால் பிடித்து முடியும் வரையிலான சுமார் நான்கு வாரங்களுக்குள் நடக்கிறது. எனவே, அந்த நான்கு வாரங்கள் நாட்காட்டியில் எங்கே விழுகின்றன என்பதை விதைக்கும் முன்பே கணக்குப் போட வேண்டும்.

கணக்கு எளிது. குறுகிய காலமோ, நீண்ட காலமோ, நெல் பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாள் ஆகும். ரகத்தின் வயதில் 30ஐக் கழித்தால் விதைத்ததிலிருந்து பூக்கும் நாள் கிடைக்கும். 110 நாள் ரகம் 80ஆம் நாள் வாக்கிலும், 135 நாள் ரகம் 105ஆம் நாள் வாக்கிலும், 155 நாள் ரகம் 125ஆம் நாள் வாக்கிலும் பூக்கும்.

இதை நமது பட்டங்களோடு பொருத்திப் பாருங்கள். ஆகஸ்ட் நடுவில் விதைத்த சி.ஆர்.1009 சப்-1 போன்ற நீண்ட கால சம்பா ரகம் டிசம்பர் நடுவில் பூக்கும். டெல்டாவின் இரவுகள் குளிர்ந்திருக்கும் காலம் அது. இரவு வெப்பத்தைப் பொறுத்தவரை சம்பாவும் தாளடியும் பாதுகாப்பான பட்டங்கள். ஜூன் முதல் பாதியில் விதைத்த 110 நாள் குறுவை ஆகஸ்ட் இறுதியில் பூக்கும். திருச்சிப் பகுதியில் டிசம்பர் இரவுகள் சராசரியாக 21, 22 டிகிரியில் இருக்கும்போது, ஆகஸ்ட் இரவுகள் 25 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆழ்துளைக் கிணற்றை நம்பி ஏப்ரல், மே மாதத்திலேயே விதைக்கும் முன்பட்டக் குறுவை ஜூலையில் பூப்பதால், அதைவிடச் சூடான இரவுகளைச் சந்திக்கிறது.

வட மாவட்டங்களின் நவரைப் பட்டத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. டிசம்பர் கடைசியில் விதைத்தால் மார்ச் நடுவில் பூக்கும். ஏரியில் தண்ணீர் இருக்கிறதே என்று ஜனவரி கடைசிவரை தள்ளிப்போட்டால் ஏப்ரல் நடுவில்தான் பூக்கும். அந்த ஒரு மாதத்துக்குள் பகலும் இரவும் இரண்டு மூன்று டிகிரி கூடிவிடும். பகல் வெப்பம் பதரைக் கூட்டும். இரவு வெப்பம் மணியின் எடையைக் குறைக்கும். நவரை சாகுபடியாளர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் ஆலோசனை, விதைப்பைத் தாமதிக்காதீர்கள் என்பதே. தாமதம் தவிர்க்க முடியாததானால், அந்த ஆண்டு நெல்லுக்குப் பதில் உளுந்து, எள் போன்ற பயிரை யோசிக்கலாம்.

குறுவையில் இப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. மேட்டூர் அணை திறப்பு ஒரு பக்கம் கட்டிப்போடுகிறது. தள்ளி விதைத்தால் அக்டோபர் மழையில் அறுவடை மாட்டிக்கொள்ளும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி, நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்துக் காத்திருக்க நேரும். ஆகவே குறுவையில் தேதியை மாற்றுவதைவிடப் பராமரிப்பை மாற்றுவதுதான் நடைமுறைக்கு உகந்தது. நிலம் கொஞ்சம் அதிகம் உள்ளவர்கள் எல்லா வயலிலும் ஒரே ரகத்தை ஒரே நாளில் விதைக்காமல், வயதில் 10 நாள் வித்தியாசமுள்ள இரண்டு ரகங்களைப் பிரித்துப் போடலாம். கடும் வெப்பம் ஒரு வாரம் நீடித்தால் எல்லா வயலும் ஒரே நேரத்தில் பூவில் மாட்டிக்கொள்ளாது.

வயலில் செய்யக்கூடியவை

தண்ணீர்: காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறை தண்ணீரை மிச்சப்படுத்துகிறது, தேங்கிய நீரில் உருவாகும் மீத்தேன் வாயுவையும் பெருமளவு குறைக்கிறது. மீத்தேன், புவியைச் சூடாக்கும் முக்கிய வாயுக்களில் ஒன்று. அதைக் குறைப்பதில் நெல் விவசாயிக்கும் பங்கு உண்டு. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைப் பாதி மண்ணுக்குள் இறக்கி, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சினால் போதும். ஆனால் ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை காயவிடக் கூடாது. வயலில் 5 சென்டிமீட்டர் அளவுக்கு நீர் நிற்க வேண்டும். அந்த நாட்களில் நீர் குறைந்தால் பயிர் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாமல் பதர் கூடும்.

ஜப்பானில் கதிர் வந்த பிறகு குளிர்ந்த ஆற்று நீரை வயலில் ஓடவிட்டுச் சூட்டைத் தணிக்கிறார்கள். நமது ஆழ்துளைக் கிணற்று நீர் அவ்வளவு குளிர்ந்ததல்ல. ஆண்டின் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். பகலில் அது உதவும். இரவில் வயலைப் பெரிதாகக் குளிர்விக்காது. இரவு வெப்பத்தைத் தணிக்கவென்று விடிய விடிய மோட்டார் ஓட்டுவது நீருக்கும் மின்சாரத்துக்கும் நட்டம்.

உரம்: யூரியாவை அள்ளிப் போட்டுத் தழையைக் கொழுக்கவிட்டால், சுவாசிக்கும் தழையும் கூடுகிறது, இரவுச் செலவும் கூடுகிறது. இலைகள் ஒன்றையொன்று மறைப்பதால் ஒளியும் கீழே இறங்காது. பூச்சியும் வரும், பயிரும் சாயும். இலை வண்ண அட்டையை வாரம் ஒருமுறை வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் தழைச்சத்து கொடுத்தால் போதும். தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்காகப் பிரித்து இடுவதே வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. சூடான பட்டத்தில் இதைக் கூடுதல் அக்கறையோடு கடைப்பிடிக்க வேண்டும்.

மருந்து: பூக்கும் வாரத்தில் காலை 9 மணியிலிருந்து நண்பகல் வரை எதையும் தெளிக்காதீர்கள். திறந்திருக்கும் பூவின் மீது தெளிப்பு விழுந்தால், வெப்பம் விட்டுவைத்த மகரந்தமும் வீணாகும். தவிர்க்க முடியாத தெளிப்பைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னறிவிப்பு: ‘மேகதூத்’ செயலியில் வரும் ஐந்து நாள் முன்னறிவிப்பில் மழையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அதிலேயே குறைந்தபட்ச வெப்பநிலையும் இருக்கிறது. அதுதான் இரவு வெப்பம். பூக்கும் வாரத்தில் அந்த எண்ணையும் பாருங்கள்.

சேதம் வெப்பத்தால்தானா?

எல்லாப் பதருக்கும் வெப்பத்தின் மீது பழி போடுவதும் தவறு. நன்றாக விளைந்த பயிரிலும் 100 மணிக்கு 15 வரை பதர் இருப்பது இயல்பு. அதற்கு மேல் போனால் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். கதிர் முழுவதும் வெளுத்து, இழுத்தால் கையோடு வந்தால் அது தண்டுத் துளைப்பான். கதிரின் கழுத்துப் பகுதி கறுத்துச் சுருங்கியிருந்தால் குலைநோய். மணியின் மேல் கருப்புப் புள்ளி தெரிந்தால் கதிர்நாவாய்ப் பூச்சி சாற்றை உறிஞ்சியிருக்கிறது.

இவை எதுவும் இல்லாமல், நல்ல மணிகளுக்கு நடுவே பதர் அங்கங்கே கலந்திருந்து, பிதுக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லையென்றால், பூவின்போது பகல் வெப்பம் தாக்கியிருக்க வாய்ப்பு அதிகம். மணி பிடித்தும் பாதி நிரம்பி, உரித்தால் வயிறு வெளுத்திருந்தால் இரவு வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். அப்போது பூத்த வாரத்தின் வெப்பநிலையை எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வரும் நம்பிக்கை

வெப்பத்தைத் தாங்கும் குணம் நெல்லுக்குள்ளேயே இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் நாகினா ஊர்ப் பெயரைத் தாங்கிய நாகினா-22 என்ற பழைய இந்திய ரகம், பகல் வெப்பத்தைத் தாங்குவதில் உலக அளவில் ஒப்பீட்டு ரகமாகப் பயன்படுகிறது. காட்டு நெல் ஒன்றிலிருந்து, பூவை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்னதாகவே திறக்கச் செய்யும் மரபுக் கூறு ஐ.ஆர்.64 ரகத்துக்குள் கொண்டுவரப்பட்டிருக்கிறது. வெயில் ஏறும் முன்பே பூ தன் வேலையை முடித்துக்கொள்ளும். மரபணுத் திருத்தம் செய்யப்பட்ட இரண்டு நெல் ரகங்களை 2025 மே மாதம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அறிவித்தது. அவற்றில் ஒன்றான ‘கமலா’, அதன் தாய் ரகமான சம்பா மசூரியைவிடச் சுமார் 20 நாள் முன்னதாக முதிரும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. வயது குறைந்தால் தண்ணீர் மிச்சமாகும். விதைப்புத் தேதியை நகர்த்தவும் இடம் கிடைக்கும்.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பகல் வெப்பத்துக்கும் வறட்சிக்கும் விடை தேடுபவை. இரவு வெப்பத்தைத் தாங்கும் குணத்தைத் தேடுவது கடினம். வயலில் இரவை மட்டும் சூடாக்கிச் சோதிக்கும் வசதி சில நிலையங்களில்தான் இருக்கிறது. அதனால் ரகம் வரும்வரை காத்திருப்பதைவிட, மேலே சொன்ன பராமரிப்பை இப்போதே தொடங்குவது நல்லது.

யாரும் கணக்கில் எழுதாத இழப்பு

வெப்பம் ஒரு பயிரைத் தொட்டால் அது நாட்டையே தொடும் என்பதற்கு 2022 சாட்சி. 1901க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வெப்பமான மார்ச் அது. வட மாநிலங்களில் கோதுமை மணி நிரம்பும் நேரம். பிப்ரவரியில் 11.13 கோடி டன் என்று மதிப்பிட்டிருந்த அரசு, மே மாதம் அதை 10.64 கோடி டன்னாகக் குறைத்தது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்த ஆண்டின் வெப்ப அலை நிகழும் வாய்ப்பை மனிதரால் ஏற்பட்ட பருவநிலை மாற்றம் சுமார் 30 மடங்கு கூட்டியது என்று பன்னாட்டு விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். ‘இயற்கையின் சீற்றம்’ என்று கைவிரித்த நிகழ்வில் மனிதரின் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல முடிவது, அண்மை ஆண்டுகளில் இந்த அறிவியல் எடுத்துவைத்த பெரிய அடி.

கோதுமைக்கு வந்தது கண்ணில் பட்டது, தலைப்புச் செய்தியானது. நெல்லின் இரவு இழப்பு அப்படிப் படுவதில்லை. வெள்ளம் வந்தால் படம் எடுக்கலாம். 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லலாம். புழுக்கமான 20 இரவுகளை எப்படிப் படம் எடுப்பது? தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மனித உயிர்களைக் காக்க அது அவசியமான முடிவு. பயிரின் இரவு அதற்குள் வரவில்லை.

பயிர்க் காப்பீட்டில் இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரி மகசூலை அடிப்படையாக வைத்துத்தான் உத்தரவாத மகசூலை நிர்ணயிக்கிறார்கள். ஒரே ஆண்டில் பெரிய இழப்பு வந்தால் இந்த முறை காப்பாற்றும். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக மகசூல் இறங்கினால், அந்தச் சராசரியும் கூடவே இறங்கும். அளவுகோலே சுருங்குவதால் இழப்பு இழப்பாகவே தெரியாது. கொள்முதல் நிலையத்திலோ முதிராத, சுருங்கிய மணிகளுக்கு 3 சதவீதம்தான் வரம்பு. வெப்பம் சுருக்கிய மணிக்கும் விவசாயிதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சந்தையில் நொய் கூடிய நெல்லுக்கு ஆலைக்காரர் விலையைக் குறைப்பார். ஆக, வானத்தில் நடந்த மாற்றத்தின் செலவு முழுவதும் வரப்பில் நிற்பவரின் கணக்கில் வந்து விழுகிறது.

இதை மாற்ற வேண்டுமானால் முதலில் பதிவு வேண்டும். வேளாண் அலுவலர்களுக்கும் உதவி வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பயிர் அறுவடைப் பரிசோதனை செய்யும்போது எடையோடு நின்றுவிடாமல், அந்த வயல் எந்தத் தேதியில் பூத்தது, 100 மணிக்கு எத்தனை பதர் என்ற இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள். அருகிலுள்ள தானியங்கி வானிலை நிலையத்தின் இரவு வெப்பநிலையை அதற்குப் பக்கத்தில் எழுதினால், நான்கைந்து ஆண்டுகளில் உங்கள் வட்டாரத்துக்கென்றே ஒரு கணக்கு கிடைக்கும். எந்தத் தேதிக்குப் பிறகு விதைக்கக் கூடாது என்று ஊர்க் கூட்டத்தில் சான்றோடு சொல்லலாம். காப்பீட்டு விதிகளை மாற்றக் கேட்கும்போதும் அந்தக் கணக்குதான் பேசும்.

விவசாயிகளுக்கும் அதே வேண்டுகோள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் வெப்பமானி ஒன்றை ஊருக்கு ஒன்றாக வாங்கினால் போதும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, பாசன சபையோ அதை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் மாட்டிவைக்கலாம். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு நோட்டில் இரவின் அளவை எழுதுங்கள். உங்கள் வயலில் பாதிக் கதிர்கள் வெளிவந்த நாளை அதே நோட்டில் குறியுங்கள். அறுக்கும் முன் வயலின் குறுக்கே நடந்து பத்துக் கதிர்களை எடுத்து, நிரம்பியது எத்தனை, பதர் எத்தனை என்று எண்ணுங்கள். அரைவைக்குப் போகும்போது முழு அரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள்.

மழையளவை எழுதிவைக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இனி இரவின் வெப்பத்தையும் எழுத வேண்டும். வரும் பட்டத்துக்கு விதை வாங்கும் முன், ரகத்தின் வயதில் 30ஐக் கழித்து, பூக்கும் வாரம் எந்த மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள். வேலையை அந்தக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.